வழக்கே இல்லாமல் மூன்று நாள் விசாரணை: சனிக்கிழமை தம்பியை அனுப்பலாமா?

பாகூர்க்காரி எழுதுகிறார்:

வணக்கம். புதுச்சேரியில் பாகூர் கொம்யூனில் வசிக்கிறோம். அப்பா இல்லை. தம்பிக்கு 22 வயது. கடலூரில் ஓர் இருசக்கர வாகனப் பட்டறையில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறான். தினமும் எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிப் போய் வருகிறான்.

பட்டறைக்கு அடுத்த கடையில் மோட்டாருக்கு காயில் கட்டுகிறார்கள். அங்கே போன வாரம் செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. திங்கட்கிழமை காலை தம்பிக்குக் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. "சும்மா விசாரணைதான், பத்து நிமிடம் வந்துவிட்டுப் போ" என்றார்கள். போனவன் வீடு திரும்பியபோது இரவு ஒன்பதரை. செவ்வாயும் புதனும் அதே கதை. பெரும்பாலான நேரம் யாரும் அவனிடம் எதையும் கேட்கவில்லையாம். எழுத்தர் மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். முதல் நாள் இரண்டு அறை அறைந்தார்கள். மூன்றாம் நாள் செல்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றும் எழுதாத வெள்ளைத்தாளில் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

புதன்கிழமை நானும் அம்மாவும் போய் நிலையத்து வாசலில் காத்திருந்தோம். வழக்கு எண் என்ன என்று கேட்டேன். "வழக்கே இல்லையே அம்மா, எண் எங்கிருந்து வரும்?" என்றார் ஓர் அதிகாரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது சனிக்கிழமை மறுபடியும் வரச் சொல்லி என் வாட்ஸ்அப்புக்குக் குரல் பதிவு வந்திருக்கிறது. அனுப்பலாமா? அந்த வெள்ளைத்தாளை என்ன செய்வது? நாங்கள் புதுச்சேரி, நிலையம் தமிழ்நாடு. யாரிடம் போய் முறையிடுவது? புதிய சட்டம் வந்து எல்லாம் மாறிவிட்டது என்றார்களே, அதில் இவனுக்கு ஒன்றும் இல்லையா?

மஞ்சக்குப்பம் குமாஸ்தா எழுதுகிறார்:

அம்மா, நான் வக்கீல் அல்ல. கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றங்களில் 31 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். சட்டம் படித்ததில்லை, வழக்குக் கட்டுகளைச் சுமந்திருக்கிறேன். ரிமாண்டுக்காக, அதாவது கைதானவரைக் காவலில் வைக்க நடுவர் தரும் உத்தரவுக்காக, காத்திருக்கும் நேரத்தில் சுமந்ததைப் பிரித்துப் படித்திருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன். சனிக்கிழமைக்குள் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம், அல்லது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலேயே போகலாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் தர வேண்டும். உங்கள் தம்பி காவலில் இருந்தாரா இல்லையா என்பதுதான் இங்கே கேள்வியே.

"வழக்கே இல்லையே" என்றாரே, அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை. வழக்கு இல்லை, கைது இல்லை, ஆகவே கடிகாரமும் இல்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த 24 எங்கிருந்து எண்ணப்படுகிறது? கைதுக் குறிப்பில் எழுதிய நேரத்திலிருந்து. அதை எழுதுகிறவர் யார்? பிடித்தவரேதான்.

நான் படித்த ரிமாண்டு அறிக்கைகளில் எத்தனையோ பேர் விடியற்காலையில், பஸ் நிலையம் அருகே, சந்தேகப்படும்படி நின்று, போலீசைக் கண்டதும் ஓட முயன்று பிடிபட்டவர்கள். அந்த நேரத்தில் கடலூர் பஸ் நிலையத்தில் டீ குடிக்கக்கூட அவ்வளவு பேர் நின்று நான் பார்த்ததில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நடுவரின் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறவன், விரலெல்லாம் முந்திரிப்பால் கறை. "போலீஸ் மீது குறை ஏதும் உண்டா?" என்று நடுவர் வழக்கம்போலக் கேட்டார். "இல்லை ஐயா." அவர் எழுதப் போனவர், என்ன நினைத்தாரோ, எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி "உட்கார்" என்றார். பையன் உட்காரவில்லை. மரியாதைக்காக நிற்கிறான் என்று நான் நினைத்தேன். இரண்டாவது முறையும் சொன்னார். அப்போதும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். நடுவர் காவலர்களைத் தெருவாசலுக்கு அப்பால் போகச் சொன்னார், எங்களையும் சேர்த்துத்தான். பிறகு மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு எழுதினார். கைதுக் குறிப்பில் அன்று காலை ஆறு மணி என்று இருந்தது. காயங்களுக்கு மூன்று நாள் வயது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஒரு வரியால் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. அடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். சனிக்கிழமை அனுப்புங்கள், தனியாக அனுப்பாதீர்கள். கூப்பிடுவதென்றால் எழுத்தில் கூப்பிட வேண்டும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் சாட்சியாக அழைக்க 179-ஆவது பிரிவு, சந்தேகத்தின் பேரில் அழைக்க 35(3). இரண்டுக்கும் எழுத்துதான். 35-இன் கீழ் அனுப்பும் அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. குரல் பதிவெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் அதை அழித்துவிடாதீர்கள். தேதியும் நேரமும் உள்ள சாட்சி உங்களிடம் இப்போதைக்கு அது ஒன்றுதான். எழுத்தில் அறிவிப்பு கொடுத்தால் கட்டாயம் போக வேண்டும். ஒழுங்காக ஆஜராகிறவரைக் கைது செய்வதென்றால் அதற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். இன்னொன்று, 179-இன்படி பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சியாகக்கூட நிலையத்துக்கு வரவழைக்க முடியாது. உங்களிடமோ அம்மாவிடமோ கேட்க வேண்டியிருந்தால் அவர்கள்தான் பாகூருக்கு வர வேண்டும்.

வெள்ளைத்தாளைப் பற்றி. விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்கிறது 181-ஆவது பிரிவு. பழைய சட்டத்திலும் 162 என்ற எண்ணில் இது இருந்தது. போலீசிடம் செய்யும் ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அதைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் எல்லா ஒப்புதல் வாக்குமூலமும் "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர்படுத்துகிறேன்" என்று முடிகிறது. நெய்வேலியில் பிடிபட்டவனும் சிதம்பரத்தில் பிடிபட்டவனும் அதே வாக்கியத்தைத்தான் பேசுவான். உங்கள் தம்பியின் கையெழுத்துக்கு மேலே இந்த வாக்கியம் வந்து உட்காராமல் இருக்க வேண்டுமானால், எழுதாத தாளில் இன்ன தேதியில் கையெழுத்து வாங்கப்பட்டது, செல்பேசி ரசீது இல்லாமல் எடுக்கப்பட்டது என்று இன்றே எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு நகலை அந்த நிலையத்திலேயே கொடுத்து முத்திரை வாங்குங்கள். மூன்று நாளும் எத்தனை மணிக்கு உள்ளே போனான், எத்தனை மணிக்கு வெளியே வந்தான் என்பதையும் எழுதுங்கள். அடித்ததை மருத்துவரிடம் காட்டுங்கள். அறைதானே என்று விடாதீர்கள்.

அதே கடிதத்தில், அந்த மூன்று நாளின் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி கேளுங்கள். எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், தாழ்வாரம், லாக்கப், ஆய்வாளர் அறை உட்பட ஒலியோடு பதிவாகும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. கேமரா ஓடவில்லை என்று பதில் வரலாம். வரட்டும், அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் உயிர், சுதந்திரம் பற்றிய தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.

எல்லை ஒரு சிக்கலே இல்லை. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். கண்காணிப்பாளர் கேட்கவில்லையென்றால் அங்கே போகலாம். 1918 நவம்பரில் பாரதியாரும் உங்கள் பக்கத்திலிருந்து எங்கள் பக்கம் வந்தபோதுதான் பிடிபட்டார், கடலூர் சிறையில் சில வாரம் இருந்தார். வெள்ளைக்காரன் அவரைக் கைது செய்ததாகவாவது எழுதி வைத்தான்.

புதிய சட்டம் மாற்றியதா என்றால், எண்கள் மாறின. கைதுக் குறிப்பில் உறவினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்து போட வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கலாம் என்பதெல்லாம் டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றக் கட்டளைகள். பின்னர் குற்ற நடைமுறைச் சட்டத்தில் 41-பி, 41-டி என்று 41-ஆவது பிரிவின் வால்களாகச் சேர்ந்தன, இப்போது புதிய சட்டத்தில் 36, 38 என்று இருக்கின்றன. எல்லாம் கைது என்ற சொல்லுக்குப் பிறகுதான் விழித்துக்கொள்கின்றன. "கைது செய்யவில்லை, விசாரணைக்கு வைத்திருக்கிறோம்" என்ற பேச்சை நீதிபதி கிருஷ்ணய்யர் 1980-இல் நிரஞ்சன் சிங் வழக்கிலேயே கண்ணாமூச்சி ஆட்டம் என்று கண்டித்தார். ஆட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

என்னைக் கேட்டால் பெரிய சீர்திருத்தம் எதுவும் கேட்க மாட்டேன். நிலையத்து வாசலில் ஒரு பதிவேடு, பக்கத்துக்கு எண் போட்டது. புகார் கொடுக்க வந்தவரோ, கூப்பிட்டு வந்தவரோ, யார் வந்தாலும் வந்த நேரம், போன நேரம், அவரவர் கையெழுத்து. ஒரு துண்டுச் சீட்டை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நடுவர் ரிமாண்டு செய்யும்போது அந்தச் சீட்டைக் கேட்க வேண்டும். ரேஷன் கடையில் ஒரு பாக்கெட் பாமாயிலுக்கு ரசீது தருகிற நாட்டில் இது முடியாதா?

நெல்லிக்குப்பம் வியாபாரி எழுதுகிறார்:

எல்லாம் சரி ஐயா. என் கடைப் பூட்டை இரண்டு முறை உடைத்தார்கள். புகார் கொடுத்துவிட்டு எட்டு மாதம் அலைந்தேன், புகாரைப் பெற்றதற்குத் தரும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைத் தவிர எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உரிமை என்றால் திருடனுக்கு மட்டும்தானா? சட்டம் பேசினால் எவன் உண்மை சொல்வான்? பிடிபட்ட நாலு பேர் படம் கையில் மாவுக்கட்டோடு வந்தால்தான் மற்றவன் பயப்படுகிறான். இந்தப் பெண்ணின் தம்பியைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற ஏட்டு எழுதுகிறார்:

குமாஸ்தா ஐயா எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க எனக்கு உரிமை இல்லை. நானும் அறைந்திருக்கிறேன். இரண்டு பேரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒருவன் அந்தத் திருட்டைச் செய்யாதவன்.

ஆனால் உள்ளே இருப்பது எப்படி என்றும் தெரிய வேண்டும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பந்தோபஸ்து, மறுநாள் அமைச்சர் வருகை, அதற்கு மறுநாள் மறியல். நடுவில் புதுச்சேரிச் சரக்குக்கு எல்லையில் வாகனச் சோதனை. இதே ஆட்கள்தான் திருட்டையும் துப்புத் துலக்க வேண்டும். விசாரணைப் பிரிவைத் தனியாகப் பிரியுங்கள் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது நாங்கள்தான் முதலில் மகிழ்ந்தோம். காலையில் அதிகாரி வந்ததும் எத்தனை பேரைப் பிடித்தாய் என்பார். எங்கே தேடினாய் என்று என் 28 ஆண்டுப் பணியில் யாரும் கேட்டதில்லை.

வியாபாரி நண்பருக்கு ஒன்று. செம்புக் கம்பி போனால் முதலில் பார்க்க வேண்டியது பழைய இரும்புக் கடைகள். யார் எப்போது எவ்வளவு எடைக்குப் போட்டான் என்று கடை கடையாகக் கேட்க வேண்டும். அதற்கு நடக்க வேண்டும். பக்கத்துப் பட்டறைப் பையனைக் கூப்பிட்டுத் தரையில் உட்கார வைக்க நடக்க வேண்டியதில்லை. உங்கள் பூட்டை உடைத்தவன் கிடைக்காததற்கும் இதுதான் காரணம். எவனோ ஒருவன் அடி தாங்காமல் தலையாட்டினால் தேடுவது அன்றோடு நின்றுவிடும்.

சகோதரி, சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போங்கள், ஆய்வாளர் இருக்கும் நேரம். மாலையில் போகாதீர்கள். வக்கீல் வெள்ளைச் சட்டையோடு ஒரு நிமிடம் தலைகாட்டினாலே மேசைக்குப் பின்னால் இருக்கும் தரை காலியாகிவிடும்.

மஞ்சக்குப்பம் குமாஸ்தா எழுதுகிறார்:

ஏட்டு ஐயா, இதை எழுத மனம் வேண்டும். வணக்கம்.

வியாபாரி அண்ணன் "பொதுவாக" என்றார். பொதுவாக என்று ஆரம்பிப்பதெல்லாம் ஒரு பெயரில்தான் முடிகிறது. 1993-இல் விருத்தாசலம் பக்கம் முதனை ராஜாகண்ணு, நகைத் திருட்டு விசாரணை. தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். ஆட்கொணர்வு மனு போட்டு உயர் நீதிமன்றத்தை அசைத்த பிறகுதான் ஓடவில்லை, செத்துப்போனார் என்று தெரிந்தது. காவலர்களுக்குத் தண்டனை கிடைக்க 2006 ஆயிற்று. 2020-இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும், அதே சாவு. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், காணாமல் போன நகைக்காக விசாரணை, அதே சாவு. எல்லாமே பத்து நிமிட விசாரணையாகத்தான் தொடங்கியிருக்கும். மாவுக்கட்டுப் படத்தைப் பார்த்து "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பு நடுவர் வீட்டுத் தாழ்வாரம் வரை கேட்கிறது என்பது என் எண்ணம். எல்லா நடுவரும் நாற்காலியைக் காட்டுவதில்லை.

போலீஸ் மீதான புகாரைக் கேட்கும் அமைப்பைப் பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். பிரகாஷ் சிங் தீர்ப்பு கேட்டது ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம். தமிழ்நாட்டின் 2013 சட்டம் தந்தது மாநிலத்துக்கு உள்துறைச் செயலாளர், மாவட்டத்துக்கு ஆட்சியர். மருமகளின் புகாரை மாமியாரிடமே கொடுப்பது போல. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. சட்ட ஆணையம் 2017-இல் 273-ஆவது அறிக்கையில் தனிச்சட்டம் கேட்டது, அதுவும் வரவில்லை. இதையெல்லாம் எழுதினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது, மகள் திட்டுகிறாள்.

பாகூர்க்காரி எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபால் அனுப்பினேன். சட்ட உதவி மூலம் ஓர் இளம் பெண் வக்கீல் கிடைத்தார். சனிக்கிழமை பத்து மணிக்கு நான், தம்பி, அவர் மூவரும் போனோம். முதலில் "வக்கீல் எதற்கு, இவர் என்ன குற்றவாளியா?" என்று சிரித்தார்கள். "குற்றவாளி இல்லையென்றால் அறிவிப்பைக் கொடுங்கள், சாட்சியாகவே பேசட்டும்" என்றார் வக்கீல். யாரும் அறிவிப்பு தரவில்லை. இருபது நிமிடத்தில் போகச் சொல்லிவிட்டார்கள். செல்பேசியை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ரசீது இல்லாமல் போனது ரசீது இல்லாமலே வந்தது. வெள்ளைத்தாளைப் பற்றிக் கேட்டதற்கு அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். இல்லை என்பதை எழுதித் தரச் சொன்னோம், தரவில்லை. கேமரா பற்றிப் பதில் வரவில்லை. தகவல் உரிமை மனுவை இன்று போட்டிருக்கிறேன்.

கம்பி இன்னும் கிடைக்கவில்லை. தம்பி வேலைக்குப் போகவில்லை. முதலாளி "கொஞ்ச நாள் போகட்டும்" என்கிறார். அம்மா அவனை முள்ளோடையைத் தாண்ட விடமாட்டேன் என்கிறார். வில்லியனூர்ப் பக்கம் வேலை தேடுகிறோம். இரண்டு சக்கர வாகன வேலை தெரிந்த பையனுக்கு இடம் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் குமாஸ்தா எழுதுகிறார்:

நிலையத்தில் கொடுத்த நகலில் முத்திரை போட்டார்களா? நேரம் எழுதினார்களா?

பாகூர்க்காரி எழுதுகிறார்:

முத்திரை போட்டார்கள் ஐயா. நேரம் எழுதவில்லை. நானே 10.35 என்று எழுதி அவர் பக்கம் தள்ளினேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு அதன் மேலேயே சுருக்கொப்பம் போட்டார்.